எந்த எலெமேர்னே?

எங்கள் ஏரிக்கரை வீட்டின் முன்சுவரில் போன ஜூலை மாதம் ஒரு கல்வெட்டுப் பலகை பதித்தார்கள். அதில் எங்கள் குடும்பப் பெயர் இல்லை. ஹர்காய் கொர்நேல் கிழவருக்கு, அதாவது எனக்கு, மூளை குழம்பிவிட்டது என்று திராட்சைத் தோட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். தங்கையோடு ஏற்பட்ட சண்டையில் வீம்புக்குச் செய்தார் என்று கடைத்தெருவில் இன்னொரு பேச்சு. இரண்டும் தவறு. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

வீடு 1889இல் கட்டியது. அப்போது பாலட்டோன் ஏரியின் வடகரைக்கு ரயில் கிடையாது. தெற்குக் கரையிலிருந்து நீராவிக் கப்பலில்தான் வரவேண்டும். அதனால் வீட்டின் தலைவாசல் ஏரியைப் பார்த்திருக்கிறது. சாலைப் பக்கம் இருந்தது சமையலறை வாசல். 1909இல் ரயில் வந்ததும் விருந்தாளிகள் எல்லாரும் அந்தப் பக்கமாக வர ஆரம்பித்தார்கள். என் கொள்ளுத்தாத்தா ஹர்காய் எலெமேர் அங்கே ஒரு முகப்பு கட்டி முடிக்கும்வரை, மாவட்ட நீதிபதிகூட வெங்காயக் கூடையைத் தாண்டித்தான் உள்ளே வந்தாராம்.

1949இல் வீட்டை அரசு எடுத்துக்கொண்டது. நாற்பத்து மூன்று கோடைகள் ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் வந்து தங்கினார்கள். பதினெட்டு இரும்புக் கட்டில்கள் போட்டார்கள். வராந்தாத் தூணில் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1992இல் வீடு எங்கள் கைக்குத் திரும்பியபோது அந்தத் தூணின் ஆணித்துளைகளை நான்தான் மரத்தூள் வைத்து அடைத்தேன்.

இத்தனை காலமும் எங்களை விட்டுப் பிரியாதது வீட்டின் வரைபடம் ஒன்றுதான். கண்ணாடிச் சட்டம் போட்ட படம். அப்பா அதைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போய் புடாபெஸ்ட் குடியிருப்பில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார். அதன் கீழ் மூலையில் கறுப்பு மையில் "வரைந்தது: ஹர்காய் எலெமேர்" என்று இருக்கும். கொள்ளுத்தாத்தா வழக்கறிஞர். கட்டடக்கலை படித்தவர் அல்ல. படிக்காமலே இப்படி ஒரு வீட்டை வரைந்தார் என்பதைச் சொல்லித்தான் என்னையும் என் தங்கை கிசெல்லாவையும் வளர்த்தார்கள். சூப்பில் உப்பு இல்லை என்று முகம் சுளித்தால்கூட அப்பா அந்தப் படத்தைக் கையால் காட்டுவார். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

போன ஆண்டு மே மாதம் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வதாஷ் தீமெயா என்ற பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். வீட்டைப் பட்டியலில் சேர்த்து, வரைந்தவர் பெயரோடு பலகை பதிக்கப்போவதாகச் சொன்னாள். பெயர் என்ன என்று கேட்கும் முன்பே நான் படத்தைக் காட்டிவிட்டேன். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் மண்டியிட்டாள். மூன்று நாட்கள் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

"கொர்நேல் மாமா, இந்தப் படிங்க ஏன் இவ்ளோ தணிவா இருக்கு? பதிமூணு சென்டிமீட்டர்தான் இருக்கு. மத்த வீட்லலாம் பதினேழு, பதினெட்டு இருக்கும்."

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க பாவாடை தரையைத் தொடும். தடுக்கிடக் கூடாதுன்னு."

"கைப்பிடி ஏன் இடது பக்கம் மட்டும்?"

"வலது கையால பாவாடையப் பிடிச்சுக்கணும்ல."

சமையலறையில் செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கிசெல்லாவின் குரல் வந்தது. "கூரை ஏன் வளைஞ்சிருக்குன்னும் கேளும்மா. அண்ணன் அதுக்கும் பாவாடைன்னுதான் சொல்வாரு."

தீமெயா சிரிக்கவில்லை. பரணுக்கு ஏணி கேட்டாள். மேலே ஒரு மணி நேரம் இருந்தாள். இறங்கும்போது தலைமுடியெல்லாம் நூலாம்படை.

"மாமா, இந்தக் கூரைச் சட்டம் ஒண்ணுல கூட ஆணி இல்ல. எல்லாம் மர முளை. ஏரிப் பக்கச் சுவர்ல பலகை இடுக்குல தார்ல முக்கின சணல் திணிச்சிருக்கு. வராந்தாத் தரை நடுவுல ஒரு விரல் அளவு ஒசந்து ரெண்டு பக்கமும் சரியுது. இப்படி வீடு கட்டி நான் பார்த்ததில்ல. கவுத்துப் போட்ட படகு மாதிரி இருக்கு."

"எலெமேருக்குப் படகுன்னா உயிர்."

"அவருக்குக் கப்பல்ல கால வச்சாலே வாந்தி வரும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள் கிசெல்லா. "ஒவ்வொரு தடவையும் வாளியோட வந்து எறங்குவாருன்னு."

"ரெண்டும் இருக்கக் கூடாதா?" என்றேன்.

எங்கள் வீட்டுக்குள் தெற்குக் காற்றோடு மழை அடிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் வைத்துப் பிடிப்பார்கள். அது எலெமேரின் மூளை என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூளை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தீமெயா கேட்டாள். கேட்டுவிட்டு, அப்படியே, சாதாரணமாக, இன்னொன்றும் கேட்டாள்.

"இந்த வீட்ல யாருக்காவது கால் சரியில்லாம இருந்துச்சா? வலது கைல ஊன்றுகோல் வச்சிருந்தா, இடது கைதான் கைப்பிடிக்கு வரும். அதான் கேட்டேன்."

"ஹர்காய் குடும்பத்துல யாரும் நொண்டி இல்ல," என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. எனக்குப் பதினாறு வயதானபோது அப்பா என்னை உட்காரவைத்துச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. எலெமேருக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்குக் கால் ஊனம். கல்யாணம் ரத்தானது. அதற்குப் பிறகு அவர் மணந்தவர்தான் எங்கள் கொள்ளுப்பாட்டி இல்கா. நீ மூத்தவன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம், கிசெல்லாவுக்கும் கூட. இவ்வளவுதான் சொன்னார். பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அறுபத்தோரு ஆண்டுகள் அதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீமெயா ஒரு நகலோடு வந்தாள். கட்ட அனுமதி கேட்டு அப்போது மாவட்டத்தில் கொடுத்த அதே வரைபடம், ஆவணக் காப்பகத்தில் இருந்ததாம். மேசையில் விரித்து மூலையில் விரல் வைத்தாள். "வரைந்தது: ஹர்காய் எலெமேர்னே."

கிசெல்லா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் எழுந்துபோய்க் கூடத்துப் படத்தைக் கழற்றினேன். பின்பலகையை நீக்கினேன். படத்தைச் சுற்றி வைத்திருந்த வெள்ளை அட்டை மற்ற மூன்று பக்கமும் இரண்டு விரல் அகலம். வலது ஓரத்தில் மட்டும் மூன்று விரல். அட்டையைத் தூக்கியதும் அடியிலிருந்து "னே" வெளியே வந்தது. கணவன் பெயரின் கடைசியில் அந்த எழுத்தை ஒட்டினால் எங்கள் ஊரில் அது மனைவியின் பெயர். அந்தச் சட்டத்தைப் போட்டவர் என் தாத்தா, இல்காவின் மகன். யாரோ கத்தியை அளந்து வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

"அப்ப வரைஞ்சது அவரு இல்ல, அவரு பொண்டாட்டி," என்றாள் கிசெல்லா. அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. "நானும் அம்பது வருஷமா பொக்னார் ரெஜோனே. ரெஜோ போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் கரண்ட் பில்லுகூட அந்த ஆளு பேருக்கு ஒரு வால ஒட்டவச்சுத்தான் எனக்கு வருது. கிசெல்லான்னு ஒருத்தி இருக்கான்னு மின்சார வாரியத்துக்கே தெரியாது. இப்ப பாரு, கொள்ளுப்பாட்டி வால மட்டும் வச்சுட்டுப் போயிருக்கா, நூத்து முப்பது வருஷம் கழிச்சுப் பிடிச்சிருக்கோம்."

"முழுப் பேரு என்ன அவங்களுக்கு?" என்று தீமெயா கேட்டாள்.

"தல்லோஷ் இல்கா," என்று கிசெல்லா சொன்னாள். தீமெயா எழுதிக்கொண்டாள்.

நான் குனிந்து பின்பலகையைப் பழையபடி பொருத்தினேன். எலெமேரின் பெயர் போய்விட்டது என்ற அதிர்ச்சியில் அன்று நான் இருந்தேன் என்று கிசெல்லா நினைத்தாள். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் என்னை உறுத்தியது வேறு. 1889இல் எலெமேர்னே என்று கையெழுத்துப் போட்டு, ஊன்றுகோலுக்கு ஏற்றபடி படிக்கட்டும் வரைந்திருக்கக்கூடிய பெண் ஒருத்திதான். அது இல்கா இல்லை. இரண்டு பெண்களுக்கும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே வால். அந்த வித்தியாசம் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் பேசாமல் இருந்தாலே போதும். வீட்டை வரைந்த பெருமை கொள்ளுத்தாத்தாவிடமிருந்து கொள்ளுப்பாட்டிக்கு மாறும், குடும்பத்தை விட்டு வெளியே போகாது. பழைய விஷயமும் மூடியபடி கிடக்கும்.

மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் கிசெல்லா பேச் நகரத்திலும் சோம்பட்டே நகரத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தாள். புனித ஆனாவின் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை பலகை திறப்பு என்று நாள் குறித்தாயிற்று. டோபோஷ் கேக்குக்குச் சொல்லியாயிற்று. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து வராந்தாவைப் படம் எடுத்துப் போனார். எனக்குக் கை கொடுத்து, "இப்படி ஒரு பாட்டி கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும் சார்," என்றார். என் கை அவர் கையில் சும்மா கிடந்தது.

பிறகு தீமெயா எழுதிய அறிக்கையின் வரைவு வந்தது. கிசெல்லா அதைச் சத்தமாக வாசித்தாள். வீட்டை வரைந்தவர் தல்லோஷ் இல்கா என்றும், கால் ஊனமுற்றிருந்த அவர் தம் வசதிக்கு ஏற்பவே படிகளையும் கைப்பிடியையும் அமைத்தார் என்றும் அதில் இருந்தது.

"கிசெல்லா," என்றேன். "இல்கா கொள்ளுப்பாட்டி ஏரி உறைஞ்சப்ப பனிச்சறுக்குப் போட்டியில பதக்கம் வாங்கினவங்க. அந்தப் பதக்கம் உன் பீரோவுலதான் இருக்கு."

"இருந்தா என்ன? அப்புறமா கால் போயிருக்கும்."

"பதக்கத்துல 1897ன்னு போட்டிருக்கு. வீடு அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி."

"அண்ணே, பலகை படிக்கிறவன் பீரோவத் தொறந்தா பார்க்கப்போறான்? நல்ல விஷயம் ஒண்ணு வீடு தேடி வந்திருக்கு. அதுகிட்ட அடையாள அட்டை கேக்காதீங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு வேடிக்கையாக இல்லை. நான் என் குடும்பத்தின் கௌரவத்தைக் காப்பாற்றுகிறவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது எங்கள் கொள்ளுப்பாட்டியை நொண்டியாக்கி, வேறு ஒருத்தியின் உழைப்பை அவள் தலையில் வைத்துக் கல்லில் வெட்டப்போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் கேக் சாப்பிட வேண்டும். அடுத்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

மறுநாள் காலை சபைக்கோயிலுக்குப் போய்ப் போதகரிடம் பழைய பதிவேடுகளைக் கேட்டேன். அவர் இளைஞர், ஊருக்குப் புதியவர். என் சட்டைப் பொத்தான் எல்லாம் கழுத்துவரை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சாவு விஷயமா என்று கேட்டார். கல்யாண விஷயம் என்றேன்.

1886ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருந்தது. மணமகன் ஹர்காய் எலெமேர், வழக்கறிஞர். மணமகள் ஜாதோர் மல்வின், வயது இருபத்திரண்டு, ஃபுரெட் ஊரில் படகு கட்டும் தச்சர் ஒருவரின் மகள்.

நான் நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். மர முளை, தார்ச் சணல், வளைந்த சட்டங்கள், நடுவில் உயர்ந்த தரை. படகு கட்டுகிறவன் வீட்டில் பிறந்த பெண் மேல்தளத்தைத் தட்டையாகப் போடமாட்டாள். தண்ணீர் தேங்கும். குழந்தையாகவும் கிழவனாகவும் நான் நடந்த தரையின் கீழே என்ன இருந்தது என்பது அந்த ஒற்றை வரியில் இருந்தது.

போதகர் இன்னொரு புத்தகத்தையும் புரட்டினார். 1892இன் சபை நடவடிக்கைக் குறிப்பு. ஆறு ஆண்டாகப் பிள்ளை இல்லாததால் கணவர் விண்ணப்பித்தபடி மணம் முறிக்கப்படுகிறது. வீடு கணவருக்கு. மனைவி தன் சொந்தப் பெயருக்குத் திரும்புகிறார். கடைசி வரியை அவர் மெதுவாக வாசித்தார். "மனைவி கேட்டது, வீட்டின் வரைபடம் மட்டும். சபை அதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை."

"அந்தப் படம் இப்ப எங்க இருக்கோ," என்றார் போதகர்.

"எங்க கூடத்துல," என்றேன்.

அன்று மத்தியானம் தீமெயாவையும் வரச்சொல்லி இருவரிடமும் சொன்னேன். தீமெயா குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல் கேட்டாள். கிசெல்லா மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"அம்பத்தெட்டுலேருந்து."

"அறுபது வருஷமா? என்கிட்ட கூடவா சொல்லல?"

"அப்பா சொல்ல வேண்டாம்னாரு."

"அப்பா செத்தே நாப்பது வருஷம் ஆச்சு அண்ணே. இன்னும் எத்தனை வருஷம் அவருகிட்ட கேட்டுக்கிட்டு இருப்பீங்க?" அவள் மாவைத் தட்டில் அறைந்தாள். "இல்காதான்னு நான் ஊரெல்லாம் சொல்லியாச்சு. மூணு வாரம் நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்க."

மன்னித்துக்கொள் என்றேன். அந்தச் சொல்லை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். இருக்கலாம்.

தீமெயா இருமினாள். "ஒண்ணும் கெட்டுப்போகல கிசெல்லா அத்தை. படத்துல கையெழுத்து எப்படி இருக்கோ அப்படித்தான் பலகையில வரணும், அது அலுவலக விதி. ஹர்காய் எலெமேர்னே ஜாதோர் மல்வின்னு போட்டுடலாம். உங்க பேரும் வந்துடும், அவங்க பேரும் வந்துடும்."

கிசெல்லாவின் முகம் தெளிந்தது. "அதான் நல்லது. கேக்கையும் மாத்த வேண்டாம், சொந்தக்காரங்களுக்கும் சொல்லிக்கலாம். அந்தம்மாவும் ஒரு காலத்துல நம்ம வீட்டுப் பொண்ணுதானே."

சரி என்று சொல்ல எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்கவில்லை. ஹர்காய் என்ற பெயர் ஏரியைப் பார்த்துக் கல்லில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெண்ணையே வீட்டுக்குள் விட்டேன்.

"விதிக்கு விலக்கு உண்டா?" என்று கேட்டேன்.

"குடும்பத்து மூத்தவரு ஆதாரத்தோட எழுதிக் கொடுத்தா உண்டு. ஆனா எதுக்கு?"

"எங்க பேர எடுத்துடுங்க. ஜாதோர் மல்வின்னு மட்டும் போடுங்க."

"என்ன அண்ணே இது வீம்பு?" என்றாள் கிசெல்லா. "கட்டினப்ப அவ ஹர்காய்தானே?"

"கட்டினப்ப ஆமா. 1892ல சபை முத்திரை வச்சு அந்தப் பேர நாம திருப்பி வாங்கிக்கிட்டோம். வீட்டயும் வச்சுக்கிட்டோம். அவங்க கேட்ட ஒரு காகிதத்தையும் வச்சுக்கிட்டோம். இப்ப வீடு நல்லா இருக்குன்னு ஊரு சொன்னதும், வாம்மா, நீயும் ஹர்காய்தான்னு கூப்பிட்டா அது கௌரவமா? போட்டது போட்டதுதான். எடுத்தது எடுத்ததுதான்."

"அப்ப நம்ம வீட்ல நம்ம பேரு எங்கதான் இருக்கும்?"

"தபால் பெட்டியில இருக்கு."

தீமெயா குனிந்து எதையோ தேடுவதுபோல் பையைத் துழாவினாள். தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கிசெல்லா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் பேச் நகரத்திலிருந்த மாமன் மகளுக்குத் தொலைபேசியில் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது. பாவாடை விஷயத்தையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

விலக்குக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் எலெமேரின் சார்பாக ஏதோ ஒரு வாக்கியம் நுழைந்துவிட்டது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்றோ, வாரிசு வேண்டியிருந்தது என்றோ. நான்காவதில் நடந்ததை மட்டும் எழுதி, பதிவேட்டு நகல்கள் இரண்டையும் இணைத்துக் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை பலகையைத் திறந்தார்கள். சிவப்பு மணற்கல். "இந்த வீட்டை வரைந்தவர் ஜாதோர் மல்வின், 1889." பத்திரிகைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்தக்காரர்களில் இரண்டு பேர் கேக் வெட்டும் முன்பே கிளம்பிவிட்டார்கள். கிசெல்லா நீலப் பட்டுச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்றாள். கைதட்டவில்லை. ஆனால் கலைந்து போகும் கூட்டத்தில் யாரோ ஒருத்தி, யாருடி அந்த மல்வின் என்று கேட்க, "எங்களுக்கு முன்னாடி இங்க எலெமேர்னேயா இருந்தவங்க, வேறென்ன," என்று அதட்டியதைக் கேட்டேன்.

இப்போது ஒவ்வொரு மத்தியானமும் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் பலகையின் முன்னால் நிற்கிறார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் தொப்பியைக் கழற்றி, "நீங்க ஜாதோர் குடும்பமா?" என்று கேட்கிறார்கள்.

எழுந்து நின்றுதான் பதில் சொல்கிறேன். "இல்ல. அவங்கள அனுப்பிவிட்ட குடும்பம்."